பொழுது சாய்வதற்குள் நூறு பேர்

பிப்ரவரி 22, 2025, சனி. பிரிட்ஜ்வாட்டர்

பிக்மின் கேமில் வரும் ஆலிமார் ஒவ்வொரு நாள் இரவும் குறிப்பு எழுதுகிறார். சரக்குக் கப்பல் ஓட்டும் ஊழியர். விடுமுறைக்குக் கிளம்பியவரின் விண்கப்பலில் விண்கல் மோதி, முன்பின் தெரியாத கிரகத்தில் விழுந்துவிடுகிறார். அவருடைய உயரம் சுமார் 2 செ.மீ. அங்கே காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அவருக்கு விஷம். உடையில் உள்ள கருவி 30 நாள்தான் தாங்கும். அதற்குள் சிதறிப்போன 30 பாகங்களையும் தேடிச் சேர்க்க வேண்டும். ஒன்றைக்கூடத் தனியாக அவரால் அசைக்க முடியாது. மண்ணிலிருந்து பிடுங்கியெடுத்ததும் அவர் பின்னாலேயே ஓடிவரும், தலையில் இலை முளைத்த பிக்மின் என்ற குட்டி உயிர்களை நம்பித்தான் எல்லாம்.

அன்று பார்த்த பூச்சி, பிக்மின்கள் நடந்துகொண்ட விதம், ஊரில் இருக்கும் மனைவி, மகன், மகள் என்று அவருடைய குறிப்பில் எல்லாமே வரும். மகள் அவற்றை உரக்கப் படித்துக்காட்டினாள். நாமும் எழுதிவைப்போம் என்று அப்போது தோன்றியது. 2001 அக்டோபரில் ஜப்பானிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் கேம்கியூபுக்கு வந்த முதல் பிக்மினை, 2023இல் ஸ்விட்சுக்கு மறுபடி விட்டார்கள். எங்கள் வீட்டில் ஓடுவது அதுதான்.

கல்லூரி விடுதியில் நாங்கள் ஆடிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் தலைவன் வானத்தில் இருப்பான். மவுஸால் ஒரு கட்டம் இழுத்தால் நாற்பது சிப்பாய் அதற்குள். ஒருவன் செத்தால் இன்னொருவன் வருவான்; விலை 60 உணவு, 20 தங்கம். செத்தவனை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பிக்மினில் தலைவன் தரையில் நிற்கிறான். ஓரிடத்துக்குப் போக வேண்டுமென்றால் அவனே ஓட வேண்டும். விசில் எட்டும் தூரத்தில் இருப்பவைதான் அவன் சொல்லுக்கு வரும். ஒரு பிக்மின் செத்தால் மெல்லிய குரலில் முனகும். சின்னஞ்சிறு ஆவி ஒன்று மேலே எழுந்து கரையும். ஆணையிடுபவனையும் ஆணைக்கு ஓடுபவர்களையும் ஒரே மண்ணில் நிறுத்தியதுதான் இந்தக் கேமின் பெரிய யோசனை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தோம். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில் இன்று ஏறக்குறைய ஏழு மணி வரை வெளிச்சம்.

பிக்மினிலும் சூரியன்தான் எஜமான். திரையின் மேல் ஓரத்தில் சின்ன வட்டமாக அது நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பகல் நம் கணக்கில் கால் மணி நேரம்கூட இல்லை. இருட்டினால் அந்தக் கிரகத்து மிருகங்கள் வெளியே வரும். அதற்குள் ஆலிமார் கப்பலுக்குத் திரும்ப வேண்டும்; பிக்மின்கள் தங்கள் கூட்டுக்குள் போய்விட வேண்டும். வெங்காயம் என்று பேர் வைத்த, மூன்று கால் கொண்ட கூடு அது. விதைகளை வெளியே துப்புவதும், இரவில் அவற்றுக்கு அடைக்கலம் தருவதும் அதுவே. எங்கோ ஒரு மூலையில் விட்டுவந்த பிக்மின்கள், கூடுகள் வானத்தில் எழும்பிய பிறகு மூச்சிரைக்க ஓடிவரும். பின்னால் மிருகம் வரும். அந்தக் காட்சியைக் கேம் மறைப்பதில்லை.

மகள் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டார்.

“என்ன பாப்பா, இந்தக் கத்து கத்துற?”

“அப்பாயி, மூணு யெல்லோ பிக்மின் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. சன் போகப்போகுது!”

“அப்ப ஓடிப்போய்க் கூட்டிட்டு வா. பொழுது சாயறப்ப புள்ளைங்கள விட்டுட்டு வருவாங்களா?”

இழுத்துக்கொண்டிருந்த கப்பல் பாகத்தை வழியிலேயே போட்டுவிட்டு மகள் ஓடினாள். மூன்றும் வந்து சேர்ந்தன. ஒரு நாள் உழைப்பு வீண்தான். ஆனாலும் இரவுக் கணக்கு வந்தபோது அம்மாவும் அவளும் செத்தவை என்ற இடத்தில் இருந்த பூஜ்யத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை சேர்ந்தன என்பதோடு எத்தனை போயின என்பதையும் எதிரே நிறுத்திவிடும் கேம் இது.

மார்ச் 13, வியாழன்

பிக்மின் ப்ளூமை நடத்தும் நியான்டிக் தன் கேம் பிரிவை ஸ்கோப்லி நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்கு விற்கிறதாம். போக்கிமான் கோவும் சேர்ந்தே போகிறது. போக்கிமான் கோ ரசிகர்கள் கவலைப்படுவதைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு என் அம்மாவின் போனைப் பற்றிக் கவலை.

2021 இறுதியில் வந்த ப்ளூம் நடைக்கான செயலி. நடக்க நடக்க நாற்று வளரும், பிடுங்கினால் பிக்மின். பிறந்த இடத்துக்கு ஏற்ப அதற்கு அலங்காரம்: பூங்காவில் கிடைத்தது நான்கிலைத் தீவனப்புல் அணிந்திருக்கும், ரயில் நிலையத்தருகே கிடைத்தது காகித ரயிலைக் கட்டிக்கொண்டு வரும். இதழ்களைச் செலவழித்தால் நாம் போகும் வழியெல்லாம் வரைபடத்தில் பூ மலரும்.

இதை முழுமையான பிக்மின் என்று என்னால் சொல்ல முடியாது. எதுவும் சாவதில்லை, சூரியன் துரத்துவதில்லை. ஆனால் ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வரும் அம்மா அப்பாக்களுக்கு இந்த ஊர் எப்படி இருக்கும் என்பதை இங்கே இருப்பவர்கள் அறிவார்கள். எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட பஸ்ஸும் கார்களும் போய்விட்டால் மாலை வரை தெருவில் ஒரு குரல் கேட்காது. குளிர் இருந்தவரை அம்மாவை பிரிட்ஜ்வாட்டர் காமன்ஸ் மாலுக்குள் நடக்கவைத்தோம். இப்போது ராரிடன் ஆற்றோரம் டியூக் ஐலண்ட் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம். மரங்களில் ஓர் இலை இல்லை. அம்மாவின் போனில் மட்டும் பாதை நெடுக மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கள், அம்மா போடாத பூக்கள்.

“யாரோ இந்த வழியா நடந்துருக்காங்கடா,” என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதிக்காகவே புதிய முதலாளிகள் இந்தச் செயலியை மூடாமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. மாலையில் பாலாஜி கோவிலுக்குப் போனோம். கார் நிறுத்த இடம் கிடைக்காத கூட்டம். வீடு திரும்பியதும் அம்மா ஒரு பழுப்புக் காகித உறையைக் கிழித்து விரித்து, முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாக ஆடுபுலிக் கட்டம் போட்டார். மொத்தம் 23 புள்ளி. 3 புலிக்குக் கால் டாலர் நாணயங்கள், 15 ஆட்டுக்குக் கொண்டைக்கடலை. நம் ஊர்க் கோவில் மண்டபங்களின் கல்தரையிலேயே இந்தக் கட்டத்தை வெட்டி வைத்திருப்பார்கள். அம்மா கற்றுக்கொண்டதும் அப்படி ஒரு தரையில்தான்.

பிக்மினுக்கு முன்னோடி எது என்று தேடுபவர்கள் கணினிக் கேம்களுக்குள்ளேயே தேடுகிறார்கள். எண்ணிக்கையில் நிறைய, உருவில் சின்னது, ஒவ்வொன்றாக எடுத்தால் ஒன்றுக்கும் ஆகாதது. அவை சேர்ந்து பெரிதை மடக்குவது ஆடுபுலியிலேயே இருக்கிறது. ஆடு யாரையும் வெட்டாது. அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். அங்கே இன்னோர் ஆடு நின்றால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. பிக்மினில் சிவப்பு முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு தூங்கும் புல்பார்ப் என்ற மிருகத்தோடும் இதே பாடுதான். முன்னால் போனால் ஒரே வாயில் நாலைந்தை அள்ளிவிடும். பின்னால் சுற்றிப் போய், தலைவன் ஒவ்வொன்றாக அதன் முதுகில் எறிய வேண்டும். பத்துப் பதினைந்து ஏறிவிட்டால் அது எழுந்து உதறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கைதேர்ந்தவர்கள் புலியைப் பொறிக்குள் இழுக்க ஓர் ஆட்டைத் தெரிந்தே கொடுப்பார்கள். அம்மா கொடுக்க மாட்டார். ஒவ்வொரு கடலையையும் இன்னொன்றின் முதுகுக்கு அண்டை கொடுத்தே வைக்கிறார். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். மகளுக்கு ஒன்பது வயது, பொறுமை குறைவு; ஆனாலும் இதை மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி கேமில் அவள் பிக்மின்களை அனுப்பிய விதம் மாறியிருந்தது. தனியாக ஒன்றையும் விடவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றைய மழையில் கார் ஏற்றும் சிமெண்டுத் தரையில் மண்புழு ஒன்று செத்துக் கிடந்தது. அதைச் சுற்றி நடைபாதை எறும்புகள். ஐரோப்பாவிலிருந்து எப்போதோ கப்பலேறி வந்து இந்த நாட்டு நடைபாதைகளையெல்லாம் தமதாக்கிக்கொண்ட சின்னப் பழுப்பு எறும்பு. நானும் மகளும் குப்புறப் படுத்துப் பார்த்தோம்.

புழுவின் ஒரு முனையில் இழுப்பவை ஒரு பக்கம், மறுமுனையில் இழுப்பவை எதிர்ப்பக்கம். சற்று நேரம் புழு எங்கும் போகவில்லை, வட்டமடித்தது. ஒன்றிரண்டு எறும்புகள் பிடியை விட்டுவிட்டு எதிரே போய்ப் பிடித்தன. பிறகு நகர ஆரம்பித்தது. சிமெண்டுப் பலகைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் முனை சிக்கியது. மேலே நின்றவை இறங்கி, அடியில் புகுந்து தள்ளின. விசில் ஊத அங்கே யாரும் இல்லை.

வீட்டுத் தோட்டத்தில் எறும்புகள் இலை சுமப்பதைப் பார்த்துத்தான் ஷிகெரு மியாமோட்டோவுக்கு பிக்மின் தோன்றியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. முதல் கேமை இயக்கிய இருவரில் ஒருவர் ஷிகெஃபுமி ஹினோ, யோஷிக்கு உருவம் கொடுத்தவர். மற்றவர் மசமிச்சி அபே. சுமையின் மேல் எண் மிதக்கும்: தூக்க இத்தனை பேர் வேண்டும், இப்போது இத்தனை பேர் இருக்கிறார்கள். தேவைக்கு மேல் ஆள் சேர்ந்தால் வேகம் கூடும். தலையில் இலைக்குப் பதில் பூ மலர்ந்தவை இன்னும் வேகம். பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் எறும்புகளிடம் இல்லாத ஒன்றை நடுவில் வைத்தார்கள்: தலைவன்.

“அப்பா, ஆலிமார் இல்லேன்னாலும் பிக்மின் தூக்குமா?” என்றாள்.

முதல் கேமின் முடிவைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

மே 17, சனி

முடித்துவிட்டாள், 30 பாகமும். ஆலிமார் கப்பலேறிப் போகிறார். கீழே கூடி நிற்கும் பிக்மின்கள் அண்ணாந்து பார்க்கின்றன. அப்புறம் திரும்பி, யாரும் சொல்லாமலே, தாங்களாகவே ஒரு புல்பார்ப் மேல் பாய்கின்றன. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூடவே இன்னொரு கேள்வியும் வந்துவிட்டது. “அப்ப இத்தனை நாளா எதுக்கு அவரு சொன்னதெல்லாம் கேட்டுச்சு?”

இன்னொரு முடிவும் உண்டு. முக்கியமான பாகங்களைச் சேர்க்காமல் 30 நாள் கடந்தால் கப்பல் கீழே விழும். பிக்மின்கள் ஆலிமாரை வெங்காயத்துக்குச் சுமந்து போகும். அவர் தலையில் இலையோடு மண்ணிலிருந்து முளைப்பார். அதைச் சொன்னதும் அம்மா, “அதுங்க அவர விட்டுட்டுப் போகலேல்ல,” என்றார். பயங்கரமான முடிவு என்றே இத்தனை வருடம் நான் நினைத்திருந்தேன். அம்மா சொன்னபடியும் அதைப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கத்தான் எனக்கு இப்போது பிடித்திருக்கிறது.

இரவே பிக்மின் 2 ஆரம்பித்தோம். 2004இல் வந்தது. ஆலிமார் ஊர் வந்து இறங்கியதும் கம்பெனி கடனில் மூழ்கியிருப்பது தெரிகிறது, 10,100 போக்கோ. அவருடைய கப்பலையே விற்றுவிடுகிறார்கள். மனைவி மக்களைப் பார்க்கக்கூட விடாமல், லூயி என்ற சக ஊழியரோடு அவரைத் திரும்ப அனுப்புகிறார் முதலாளி. விசாவுக்கும் கடனுக்கும் நடுவே வருடங்களைக் கழித்த யாருக்கும் இந்தத் தொடக்கத்தை விளக்க வேண்டியதில்லை. என் மனைவி ஏதும் பேசாமல் எழுந்து போய்த் தன் அக்காவுக்கு போன் போட்டாள்.

அங்கே அவர்கள் தோண்டியெடுக்கும் புதையல் நம் வீட்டுக் குப்பை. பாட்டில் மூடி, பேட்டரி. அன்றைய அமெரிக்கப் பதிப்பில் பேட்டரி மேல் டுராசெல் என்றே இருக்கும். 2023 பதிப்பில் பிராண்ட் பெயர்களை எடுத்துவிட்டார்கள். 2 செ.மீ. ஆளுக்கு ஒரு பேட்டரி ஊர்த்தேர். இருபது முப்பது பேர் அதைத் தோளில் தாங்கி மேடேறுவதைப் பார்க்கும்போது பொருளின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மே 26, திங்கள். மெமோரியல் டே

நாலாவது பிக்மினையும் (2023) இடையிடையே ஆடுகிறாள். 30 லட்சத்துக்கு மேல் விற்றது; தொடரைப் பெருங்கூட்டத்துக்குக் கொண்டுபோனது அதுதான். ஓச்சி என்ற மீட்பு நாய் வருகிறது, மகளுக்கு அதன் மேல் உயிர். நாள் கெடு கிடையாது. தவறினால் காலத்தைப் பின்னால் சுழற்றிக்கொள்ளலாம். ஒரு பயணத்துக்கு மூன்று நிறங்கள்தான் என்று கட்டுப்படுத்தியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. முன்னேற்பாட்டின் சுவையை அது குறைக்கிறது. இழப்பையும் எளிதாக்கிவிட்டார்கள். ஆனால் தொடக்கத்தில் 20 பேரை மட்டும் கொடுத்து, மெல்ல மெல்ல 100 வரை ஏற்றிக்கொண்டு போவது நல்ல யோசனை. இருபது பேர் இருக்கும்போது ஒவ்வொருவரையும் தெரியும்.

“எதுக்குக் கேட்டுச்சு” என்ற கேள்வியை மகள் விடவில்லை. காலையில் அவளே ஒரு பதிலோடு வந்தாள். மண்ணுக்குள்ள இருந்த அதுங்கள வெளியில இழுத்தது அவருதானே, ராத்திரி கூட்டுக்குப் போகுற வரைக்கும் கூட நின்னதும் அவருதானே, அதனாலதான் என்றாள். விசிலில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்பது என் மனைவியின் கட்சி. அம்மா, பசி என்கிறார். கூட்டுக்குத் தீனி சேர்த்தால்தானே அடுத்த விதை விழும். நான் மகள் பக்கம். வாக்குவாதம் சாப்பாட்டு மேசை வரை போயிற்று.

பிக்மின் 4க்குள்ளே ஆலிமாரின் பழைய கதையை வேறு வடிவில் ஆடும் பகுதி ஒன்று இருக்கிறது. மறுபடியும் 30 பாகம், ஆனால் 15 நாள்தான் கெடு. ஜூனில் பள்ளி விட்டதும் அதை ஆரம்பிக்கப்போகிறோம். அம்மா ஊருக்குக் கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது மகளின் திட்டம். மிருகங்களை அவள் பார்த்துக்கொள்வாளாம், பொழுது சாயும் நேரத்தில் கன்ட்ரோலர் அப்பாயி கையில். எந்த பட்டன் விசில் என்று அம்மா இன்றே கேட்டுத் தெரிந்துகொண்டார்.