வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், வடுவூர் ஏரியை எட்டுவதற்கு முன்னர்ப் பிரிந்து செல்லும் சிறு சாலைகள் பல. அவற்றுள் ஒன்றின் வழியே, தை மாதத்தின் பிற்பகுதியில், உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்காக நாம் சென்றிருந்தோம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த காலம். சாலையின் ஒரு பாதி முழுவதும் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறு பாதியில்தான் பேருந்து ஊர்ந்தது. ஏரியின் பக்கம் பறவைகள் கூட்டங் கூட்டமாய் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் காண நமக்குப் பேராவலே. ஆயினும் நம் மடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதனை உரியவரிடம் ஒப்படைக்கும் வரை வேறெதிலும் மனம் செல்லவில்லை.

பெட்டியில் நாற்பத்திரண்டு புத்தகங்கள். வீட்டிற்கு வெள்ளையடித்தபொழுது பரணிலிருந்து இறங்கியவை. பழைய தாள்காரருக்குப் போடுவதைவிட, கிராமத்து நூலகம் ஒன்றிற்கு வழங்கினால் ஏழைப் பிள்ளைகள் பயனடைவார்களே என்னும் நல்லெண்ணம் நமக்கு. திருமணத்திற்குப் போகும் ஊரில் ஒரு கிளை நூலகம் உண்டென்று கேள்விப்பட்டிருந்தோம். கொடையாளிக்குரிய மிடுக்கோடு பேருந்தை விட்டு இறங்கினோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நூலகம் பூட்டிக் கிடந்தது.

ஊர்ச் சாவடிக்கு அருகே, ஓட்டுக் கூரையும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட கட்டடம். கதவில் பூட்டு. தாழ்வாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அரசாங்க அலுவலகம் என்றாலே இப்படித்தான்" என்று நாம் முணுமுணுத்தது எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் காதில் விழுந்துவிட்டது போலும். கையில் துடைப்பத்தோடு வந்தார். அறுபது வயதிருக்கும்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை ஐயா. எல்லா ஊர் நூலகத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயித்துக்கிழமை முழுக்கத் திறந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அன்னைக்குத்தானே வரும்?"

தமிழ்நாட்டின் பொது நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பது, ஐம்பது வயதைக் கடந்த நமக்கு அன்றுதான் தெரிந்தது. வெட்கத்தோடு பெட்டியை எடுத்தோம். அந்த அம்மாள் விடவில்லை. "கனமா இருக்கும் போல. எங்க வீட்டுத் திண்ணையில வச்சுட்டுப் போங்க. நாளைக்கு நூலகத்து அம்மா வந்ததும் கொடுத்துக்கலாம்" என்றார். நூலகத்தைக் கூட்டித் துடைக்கும் பகுதிநேரப் பணியாளர் அவர்தாம். அந்நூலகத்தின் ஊழியர்களுள் நமக்கு முதலில் அறிமுகமானவரும் அவரே.

மறுநாள் காலை, முகூர்த்தம் முடிந்த கையோடு சென்றோம். கதவும் சன்னல்களும் திறந்திருந்தன. நாளிதழ் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் தலையங்கத்தை வாய்விட்டுப் படிக்க, கண் மங்கிய பெரியவர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு இரும்பு அலமாரிகள். மேற்குச் சுவரோரத்து அலமாரி மட்டும் சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, அறையின் நடுவே கோணலாக நின்றது.

நூலகர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார். பிள்ளைகள் அக்கா என்கிறார்கள். பெரியவர்கள் டீச்சர் என்கிறார்கள். டீச்சர் என்னும் அழைப்பு தமக்கு முதலில் வேதனை தந்தது என்று பின்னர் நம்மிடம் சொன்னார். ஆசிரியையாக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. நூலகப் பணி கிடைத்தது. முதற்பணி வேறோர் ஊரில். நாளெல்லாம் நான்கு சுவர்களுக்கிடையே தன்னந்தனியாக அமர்ந்து, முதலாண்டு முழுவதும் அழுததாகக் கூறினார்.

இதைக் கேட்டபொழுது நமக்குச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதனின் நினைவு வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒரு வாரம் செல்வதற்குள் தனிமை தாங்காமல் கல்லூரி முதல்வரிடம் ஓடி, பழைய வேலையையே தரும்படி வேண்டினார். இலண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்புக, அப்பொழுதும் விருப்பமில்லையெனில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று ஆறுதல் கூறி அனுப்பினார்கள். இங்கிலாந்தில் ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தார். தொழிலாளிகளும் இல்லத்தரசிகளும் குழந்தைகளும் வந்து நூல்களை எடுத்துச் செல்வதைக் கண்டார். திரும்பி வந்தவர் கணிதத்தை மறந்தார். 1972-இல் மறையும் வரை நூலகமே அவருக்கு வாழ்வாயிற்று. அவர் பிறந்த நாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்டு 12 நாடெங்கும் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நூலகர் அம்மையாரும் இக்கதையைப் பாடத்தில் படித்தவரே. "அவர் ஒரே வாரத்தில் ஓடினார். நான் ஓராண்டு இருந்தேனே!" என்று சிரித்தார்.

பெட்டியைத் திறந்தோம். இங்கேதான் நம் மிடுக்கு குலைந்தது.

அம்மையார் ஒவ்வொரு நூலாக எடுத்துப் பார்த்து, மேசையின் இருபுறமும் அடுக்கினார். இடப்புறம் உயர்ந்துகொண்டே போயிற்று. வலப்புறம் உயரவேயில்லை. முடிவில் வலப்புறத்தில் பதினொரு நூல்கள். இடப்புறத்து முப்பதைக் காட்டி, "இவற்றைத் தாங்கள் திரும்ப எடுத்துச் செல்வது நலம் ஐயா" என்றார் மிக மென்மையாக.

நமக்குச் சுருக்கென்றது. இலவசமாகத் தருவதையும் தள்ளுவார்களா? அவர் ஒரு நூலைப் பிரித்துக் காட்டினார். இருபது ஆண்டுகளுக்கு முந்திய பொது அறிவுத் தொகுப்பு. "அதோ, சன்னலோரம் அமர்ந்திருக்கிறாரே ஒரு தம்பி, அவர் தொகுதி நான்கு தேர்வுக்குப் படிக்கிறார். வீட்டில் இரண்டே அறைகள். இங்கே வந்தால்தான் அமைதி. தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள் என்று இந்த நூலைப் பார்த்து அவர் எழுதிவிட்டால் ஒரு மதிப்பெண் போகும். ஒரு மதிப்பெண்ணில் எத்தனை பேர் பின்னால் போய்விடுகிறார்கள் தெரியுமா? நூலகத்தில் இருக்கும் புத்தகம் தவறு சொல்லாது என்று நம்பித்தானே எடுக்கிறார்?"

அந்த இளைஞரை நாம் பார்த்தோம். அவர் நிமிரவில்லை. நாம் கொண்டுவந்தவற்றுள் காலாவதியான சட்ட நூல்களும், பாடத்திட்டம் மாறிப்போன வழிகாட்டிகளும் இருந்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு எதுவும் போதும் என்று நம் உள்ளத்தின் ஒரு மூலை எண்ணியிருந்ததை மறுக்க வழியில்லை. சொல்லாமலே அந்த அம்மையாரும் அதனைப் புரிந்துகொண்டார் என்றே தோன்றியது.

நாற்பத்திரண்டில் பதினொன்றும் முப்பதும் போக மீதி ஒன்று. அதனை அவர் தனியே வைத்திருந்தார். அட்டை நைந்த ஒரு சமையல் நூல். ஓரங்களிலெல்லாம் பென்சிலால் எழுதிய குறிப்புகள்: "புளி குறைக்க", "பெரியவனுக்குப் பிடிக்காது", "எட்டுப் பேருக்கு இரண்டு படி". நம் தாயாரின் கையெழுத்து. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. பெட்டியில் அது எப்படிச் சேர்ந்ததென்று நமக்கே தெரியாது.

"வீட்டுப் பொருள் போலிருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றிவிட்டால் பிறகு அரசுச் சொத்து. திரும்பக் கேட்டால் என்னால் தர இயலாது. யோசித்துக்கொண்டு மாலையில் சொல்லுங்கள்" என்றார். அன்றிரவே ஊர் திரும்புவதாக இருந்த நாம், இன்னும் ஒரு நாள் தங்குவதென்று தீர்மானித்தோம்.

அந்த நண்பகலில்தான் அவர்கள் வேலையை நெருக்கமாகப் பார்க்க வாய்த்தது. காலையிலும் மாலையிலுமாகப் பிரித்த பணிநேரம். அம்மையாரின் வீடு மன்னார்குடியில். இடைவேளையில் போய் வரப் பேருந்து ஒத்துவராது. ஆகவே நண்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, மைதா மாவில் பசை காய்ச்சி, கிழிந்த நூல்களை ஒட்டுகிறார். துப்புரவுப் பணியாளரான அந்த அம்மாள் எதிரே அமர்ந்து தாள்களை வெட்டித் தருகிறார். அவருக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து மட்டும் இங்கே கற்றது. ஆனால் எந்த நூல் எந்த அலமாரி என்பதை முதுகுத் தாளின் நிறங்கொண்டே சொல்லிவிடுகிறார். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களில் மூன்றாம் பாகம் யார் வீட்டில் ஐந்து மாதமாகக் கிடக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். "கேட்டா மனசு கோணும். பொண்ணு கல்யாணம் முடியட்டும், நானே போய் வாங்கியாறேன்" என்றார்.

கோணலாக நின்ற அலமாரியைப் பற்றிக் கேட்டோம். மேற்குச் சுவர் மழையில் ஊறுகிறது. ஐப்பசி அடைமழையில் ஓரிரவு, பணியாளர் அம்மாளே மகனை எழுப்பிக்கொண்டு வந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட நூல்களைக் கைமாற்றி நடுவே அடுக்கியிருக்கிறார். பகுதிநேர ஊதியத்தில் இந்த இரவுக்குக் கணக்கில்லை. கட்டடத்தைப் பழுது பார்க்க விண்ணப்பம் போயிருக்கிறது. மாசிக்குள் பணம் வராவிடின் அடுத்த மழைக்கு முன் வேலை முடியாது, இந்தக் கூரையின்கீழ் இன்னொரு மழைக்காலம் தாங்குவது ஐயமே என்றார் நூலகர். தாங்காவிடில், நூல்களை மூட்டை கட்டிப் பக்கத்து ஊருக்கு அனுப்ப நேரிடும். நாளிதழ் மேசையைச் சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் அவ்வளவு தொலைவு போவார்களா?

பணம் என்றதும் நூலக வரியின் நினைவு வந்தது. 1930-இல் காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டிலேயே நூலகச் சட்டத்திற்கு ஒரு மாதிரியை வகுத்து வைத்தவர் அரங்கநாதன். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபொழுது, 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதலாவது. அச்சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. உள்ளாட்சி மன்றங்கள் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிற்குச் செலுத்த வேண்டும். நூலகங்கள் பெரும்பாலும் இதனைக்கொண்டே வாழ்கின்றன. வீட்டு வரி இரசீதில் அந்த வரியை நாம் இருபது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறோம்; செலுத்தியுமிருக்கிறோம். நம் ஊர்க் கிளை நூலகத்தின் வாசலை மிதித்ததில்லை.

மாலையில் ஓர் இளைஞர் மிதிவண்டியில் வந்தார். 2022-இல் அரசு தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தின் தன்னார்வலர். நடக்க இயலாத முதியோர்க்கும் நோயாளிகட்கும் வீட்டிற்கே நூல் கொண்டுசேர்ப்பவர். அன்று பைக்குள் ஆறு நூல்கள். ஒவ்வொன்றையும் யாருக்கு என்று நூலகர் சொல்லிக் கொடுத்தார். "அந்த ஆத்தாவுக்குச் சோகக் கதை வேண்டாம் தம்பி, போன வாரம்தான் மகன் ஊருக்குப் போயிருக்கிறான்."

இதே மன்னார்குடி வட்டாரத்தில்தான், 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அரங்கநாதன் மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தார். எஸ். வி. கனகசபை பிள்ளை என்னும் ஓய்வுபெற்ற பொறியாளர் அதற்கு வண்டியும் நூல்களும் வழங்கினார். வண்டி ஊர் ஊராகச் சென்று நூல்களைக் கொடுத்தும் வாங்கியும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதோர்க்குப் படித்துக் காட்டவும் செய்தார்கள். மிதிவண்டி நெல் காயும் சாலையில் வளைந்து வளைந்து மறைவதைத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தோம்.

ஞாயிறு காலை, திருப்பலி முடிந்து நூலகம் சென்றோம். பணியாளர் அம்மாள் சொன்னது மெய்தான். பிள்ளைகள் இருக்கையில் இடமின்றித் தரையில் அமர்ந்திருந்தனர். சமையல் நூலை நூலகரிடம் நீட்டி, எண் போட்டுவிடுங்கள் என்றோம். ஒருமுறை நம் முகத்தைப் பார்த்தார். பின்னர்ப் பதிவேட்டைத் திறந்து, நூற்பெயர் எழுதி, "நன்கொடை" என்று குறித்து, முத்திரையிட்டார். முத்திரை தாயாரின் கையெழுத்தின்மேல் விழாதபடி, பக்கத்தின் கீழ் மூலையில் வெற்றிடம் தேடி வைத்தார். பணியாளர் அம்மாள் அதனை வாங்கித் துணியால் துடைத்து, "எட்டுப் பேருக்கு எத்தனை படின்னு எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். இரண்டு படி என்றோம். "எங்க பக்கம் அது பத்தாது" என்றார்.

முப்பது நூல்களோடு பேருந்தேறினோம். ஊர் திரும்பியதும் வீட்டிலுள்ளோரிடம் நம் ஊர்க் கிளை நூலகம் எங்கே இருக்கிறதென்று கேட்டோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்றாள் பேத்தி. அவள் உறுப்பினராகி இரண்டாண்டுகளாகின்றனவாம். நாட்காட்டியைப் பார்த்தோம், புதன்கிழமை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளுடன் புறப்பட்டோம்.