ஹெர்ன்ஹூட் நகரமும் அதன் இடுகாடும்

ஜெர்மனி தேசத்தின் கீழ்த்திசை எல்லையை அடுத்து, சாக்சனி நாட்டில் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர் உளது. 'ஆண்டவன் காவல்' என்பது அப்பெயரின் கருத்து. மொரேவியச் சகோதர சபை எனப்படும் கிறிஸ்தவக் கூட்டத்தார்க்கு அதுவே தாயகம். அலுவல் நிமித்தம் அத்தேசஞ் சென்ற சைவ அன்பர் ஒருவர், ஓய்வாகக் கிடைத்த இரண்டு நாட்களை அவ்வூரைக் காண்பதிற் கழித்தார்.

மொரேவியா நாட்டில் கத்தோலிக்க அரசின் ஒறுப்புக்கு ஆற்றாது வெளியேறியோர் சிலர், 1722-ஆம் ஆண்டில் சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்திற் புகலடைந்தனர். கிறிஸ்டியன் டேவிட் என்னுந் தச்சர் முதல் மரத்தை வெட்டி வீழ்த்த, ஊர் தோன்றிற்று. ஊர் தோன்றிய அளவில் ஒற்றுமை தோன்றவில்லை. கொள்கை வேற்றுமையாற் பூசல் விளைந்தது. 1727 ஆகஸ்டு 13-ஆம் நாள், அருகேயுள்ள பெர்தெல்ஸ்டார்ப் தேவாலயத்தில் நிகழ்ந்த வழிபாட்டில் அவர்கள் மனங்கரைந்து ஒன்றுபட்டனர். அம்மாதமே தொடங்கிய இடையறாப் பிரார்த்தனை, முறைவைத்து இரவும் பகலுமாக நூறாண்டு நடந்தது என்பர்.

அவர்தம் வழிபாட்டு மண்டபம் 1945-ல் தீக்கிரையாகிப் பின்னர் மீளக் கட்டப்பெற்றது. சுவர் வெண்மை, இருக்கைகளும் வெண்மை. தீபவொளியும் திருமுறை ஓசையும் நிறைந்த சந்நிதியிற் பழகிய அன்பருக்கு அவ்வெறுமை முதலில் உறுத்திற்று. கூடியிருந்தோர் ஒருங்கே பாடத் தொடங்கவே, அவ்வுறுத்தல் நீங்கிற்று.

ஊர்ப்புறத்துக் குன்றின் சரிவில், 'கடவுளின் வயல்' என அவர்கள் வழங்கும் இடுகாடு உளது. ஒருபால் ஆடவர், ஒருபால் மகளிர். கணவனும் மனைவியுங்கூட அருகருகே புதைக்கப்படார். இறந்த முறையே இடம் பெறுவர். கற்கள் யாவும் தரையிற் படிந்து ஓரளவினவாய்க் கிடக்கின்றன. செல்வர் இவர், வறியர் இவர் எனப் பிரித்தறிதல் இயலாது. இயேசு உயிர்த்தெழுந்த திருநாளின் வைகறையில் சபையார் அங்குத் திரண்டு ஞாயிற்றின் வரவை எதிர்கொள்ளும் வழக்கம் 1732 முதல் உள்ளது. ஆயினும், நடுவே பிரபுவின் குடும்பத்தார் கல்லறைகள் மட்டும் பெரியனவாய் உயர்ந்து நிற்கின்றன.

இவ்விரண்டும் ஒருங்கு நிற்றல் அச்சபையின் சரித்திரத்திற்கும் பொருந்துவதே. டேனியருக்கு உரியதாயிருந்த செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளுக்கு உபதேசிக்க, டோபர் என்னுங் குயவரும் நிட்ஷ்மன் என்னுந் தச்சரும் 1732-ல் இவ்வூரினின்று புறப்பட்டனர். நிக்கோபாரை நோக்கிய அச்சபையார் சிலர் 1760-ல் தரங்கம்பாடியிலும் வந்திறங்கினர். அடிமைகளைச் சகோதரர் என்றழைத்த அதே சபை, செயின்ட் தாமஸில் தோட்டம் வாங்கியபொழுது அடிமைகளையும் உடைமையாகக் கொண்டது. அத்தீவில் அடிமை முறை ஒழிந்தது 1848-லேயாம்.

ஹெர்ன்ஹூட் 2024-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. அப்பெருமையினும் அவ்விடுகாடே அன்பர் நெஞ்சிற் பதிந்தது. பிரபுவின் கல்லறையைக் கண்டு குறைகூற எண்ணியவர்க்கு, சாதிக்கொரு சுடுகாடும் அதற்கொரு தனி வழியும் வைத்திருக்குந் தம் ஊர் நினைவுக்கு வந்தது, சொல் எழவில்லை.

அடியாருட் பேதமில்லை என்று ஓதாத சமயம் இல்லை. ஓதியவாறு ஒழுகினரா என்பதைக் காட்டுவன அவர்கள் உயிரோடிருப்பார்க்கு அளித்த இடமும், இறந்தார்க்கு ஒதுக்கிய நிலமுமே. பிறர் சமயத்தைச் சென்று காண்பார் இவ்விரண்டையும் நோக்குக. மீண்டு வந்து தம் ஊரிலும் அவற்றையே நோக்குக.