உள்கசிவு

மத்ரஸாவில் அரபு இலக்கணம் ஓதிக் கொடுப்பதிலும், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதிலும் காலத்தைக் கழித்துவிட்ட ஐம்பது வயதுக்காரன் ஒருவனுக்கும், சரக்கு வண்டியின் பிரேக்குக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஓர் ஆண்டுக்கு முன்னர் என்னை யாரேனும் அப்படிக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பதில்லை. நடந்ததில் என் குற்றமும் கலந்திருக்கிறபடியால், மறைக்காமல் எழுதிவிடுவதே முறை என்று தோன்றுகிறது.

என் தங்கை மகன் தவணைக்குக் கடன் வாங்கிச் சிறிய பிக்கப் வண்டி ஒன்றை ஓட்டிப் பிழைக்கிறான். விடியற்காலையில் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் ஏற்றுவான். காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்துக் கடைகளில் இறக்குவான். சில நாட்களில் துறையூர்ப் பக்கம் சென்று பச்சைமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் கொண்டு வருவான். தந்தையை இழந்த வாலிபன். எதற்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்கிற பழக்கமுடையவன்.

அப்படித்தான் ஒரு நாள், "மாமா, பிரேக் முன்ன மாதிரி இல்ல. ஒரு மிதியில பிடிக்கல, ரெண்டாவது மிதிக்குத்தான் பிடிக்குது. லைனர் மாத்தியும் சரியாகல. மறுபடி பட்டறையில விட்டா ரெண்டு நாள் ஓட்டம் போயிடும்" என்றான். அம்மாதத் தவணைக்கு நான்கு நாட்களே இருந்தன. "முதலில் தவணையைக் கட்டிவிடு. இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறதே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னேன். பிரேக் என்பது என்னவென்றே அறியாத வாயால் சொன்ன பத்வா அது!

இதில் வெட்கப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1976-இல் கட்டப்பட்ட நம் காவிரிப் பாலத்தின் தாங்கிகளும் இணைப்புகளும் தேய்ந்துபோனபடியால், 2022-இன் பிற்பகுதியில் அதை அடைத்துப் பழுதுபார்த்து, 2023-இல் திறந்தார்கள். அந்த மாதங்களில் வண்டிகளெல்லாம் சென்னைப் புறவழிச்சாலைப் பாலத்தின் வழியாகச் சுற்றிச் சென்றன. முணுமுணுத்தவர்களிடம், "பாலம் விழுந்த பிறகா பார்ப்பார்கள்? பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று உபதேசம் செய்தவன் நான். ஒரு நகரம் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றவனுக்கு, ஒரு வண்டியை இரண்டு நாள் நிறுத்த மனம் வரவில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்து மறைந்த தமிழ்ப் புலவர் ஒருவர் எனக்கு நெடுநாளைய நண்பர். அவருடைய நூல்களை எங்கள் மத்ரஸா நூலகத்துக்குத் தர அவர் பிள்ளைகள் முன்வந்தார்கள். சரக்கை இறக்கிவிட்டு நூல்களை ஏற்றி வரலாம் என்று, சுபுஹுத் தொழுகை முடிந்ததும் மருமகனோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். பாலத்தைக் கடந்து, மாம்பழச்சாலையில் திரும்பி, அம்மாமண்டபம் சாலைக்குள் நுழைந்தோம். படித்துறையில் நீராடியவர்கள் ஈரத்துணியோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். கையில் தண்ணீர்ச் செம்போடு மூதாட்டி ஒருவர் எங்களுக்கு நேர் முன்னே இறங்கினார்.

மருமகன் மிதித்தான். மீண்டும் மிதித்தான். மூன்றாவது மிதியும் பலகையோடு போய் ஒட்டிக்கொண்டதை அவன் முழங்காலின் அசைவிலேயே கண்டேன். "யா அல்லாஹ்!" என்ற அவன் குரலும், கியர் கீழிறங்கிய உறுமலும், கைப்பிரேக் இழுபட்ட ஓசையும் ஒன்றாகக் கேட்டன. வண்டி குலுங்கி நின்றபோது அந்த அம்மையாருக்கும் முன்கம்பிக்கும் இடையே ஒரு முழ இடைவெளி இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். "பார்த்துப் போப்பா" என்றார். செம்பில் தண்ணீர் தளும்பியதா என்று குனிந்து பார்த்துவிட்டு நடந்தார். தம்முடைய உயிர் எவ்வளவு அருகில் நின்றது என்பதை அவர் அறியவில்லை. நாங்கள் இருவரும் அறிந்தோம்.

திருவானைக்கோயிலில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் இரு சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். "கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போகலாமா, அண்ணே?" என்று கேட்டேன். "இழுத்துட்டுப் போற வண்டி நின்னா, பின்னாடி வர்றதும் நிக்கணுமில்ல, வாத்தியாரய்யா? அதுக்கும் பிரேக் வேணும். இங்கேயே பார்த்துடலாம்" என்றார். சாலையோரத்து மரநிழலில் பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார். ஆனால் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். அவை ஒவ்வொன்றும் ஒரு வாசலை அடைக்கிற கேள்வி என்பதைப் பிறகே உணர்ந்தேன்.

"மிதிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்குமா, தம்பி?" இல்லை என்றான். இழுத்திருந்தால் ஒரு சக்கரத்தில் மட்டும் பழுது. "மிதி கல்லு மாதிரி இறுகி இருக்குமா?" இல்லை. இறுகியிருந்தால் காலின் பலத்துக்குத் துணைநிற்கும் பூஸ்டரில் கோளாறு. "இரும்பு உரசுற சத்தம்?" இல்லை. லைனர்தான் புதியதாயிற்றே. "மலை இறங்கும்போது மட்டும் பிடிக்காம, ஆறினப்புறம் பிடிக்குமா?" அதுவும் இல்லை. "பிரேக் ஆயில் அடிக்கடி ஊத்துறியா?" ஒரு சொட்டும் ஊற்றவில்லை, அளவு குறையவே இல்லை என்றான். முதியவர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். ஆயில் நிறைந்துதான் இருந்தது. நிறம் மட்டும் கருத்துக் கிடந்தது. நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் தடவிப் பார்த்தார். கசிவின் சுவடே இல்லை.

வெளியே எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் வண்டி நிற்கவில்லை. இது எப்படி என்று நான் திகைத்தேன்.

அவர் விளக்கியது இது. ஓரிடத்தில் அடைபட்ட நீர்மத்தை அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு பாஸ்கல் கண்டு சொன்னார் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். பிரேக்கின் அடிப்படை அதுதான். மிதியின் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டர் என்னும் தலைமைக் குழலுக்குச் சென்று, ஆயிலின் வழியாக நான்கு சக்கரங்களையும் அடைகிறது. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் காற்றுப் புகுந்திருந்தால் மிதி பஞ்சு போல அமுங்கும். ஆனால் பலமுறை மிதித்தால் மேலெழுந்து ஓரிடத்தில் நிற்கும். லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருந்தாலும் அப்படியே.

"இப்ப பாருங்க" என்று ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். என்ஜினை நிறுத்திப் பலமுறை மிதித்தார். பிறகு அழுத்திய காலை எடுக்காமலே என்ஜினை இயக்கினார். மிதி சிறிது கீழிறங்கியது. "பூஸ்டர் நல்லா இருக்கு" என்றார். அதன்பின் காலை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தார். மெல்ல மெல்ல, மணற்கடிகாரத்தில் மணல் இறங்குவது போல, மிதி தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போயிற்று. "எத்தனை தடவை மிதிச்சாலும் நிக்கல பாருங்க. மாஸ்டர் சிலிண்டர் உள்ள இருக்கிற ரப்பர் வாஷர் போச்சு. ஆயில் வெளியே போகல. உள்ளுக்குள்ளயே வழிஞ்சு திரும்பத் தொட்டிக்கே வந்துடுது. அதனாலதான் அளவு குறையல."

எனக்குள் ஒரு சொல் எழுந்தது: இல்லத். அரபியில் அச்சொல்லுக்கு நோய் என்றும் காரணம் என்றும் பொருளுண்டு. ஹதீஸ் கலையில் அதற்குத் தனிப்பொருள் ஒன்றிருக்கிறது. அறிவிப்பாளர் வரிசை அறுபடாமல், ஒவ்வொருவரும் நம்பத்தக்கவராக, வெளித்தோற்றத்தில் எக்குறையும் இன்றி இருக்கும். ஆயினும் உள்ளே மறைந்திருக்கும் ஒரு பழுது அதன் உறுதியைக் குலைத்துவிடும். அதைக் காண்பதற்கு எல்லா வழிகளையும் ஒன்றுகூட்டி, ஒப்பிட்டு, பொறுமையோடு நிறுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற பாடம்தான். அப்பாடத்தின் செயல்முறையைத் திருவானைக்கோயில் முதியவர் ஒருவரிடம் மரநிழலில் அன்று கண்டேன்.

"இரண்டு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாமே, ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றாதா?" என்று மருமகன் சொல்லக் கேட்டதை வைத்துக் கேட்டேன். "காப்பாத்தும், ஐயா. ஒரு குழாய் அறுந்தா அடுத்த பாதி நிக்கும். ஆனா ரெண்டுக்கும் ஒரே வயசு வாஷர், ஒரே பழைய ஆயில்" என்றார். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாம். டாட் 3 எனப்படும் வகை புதியதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. பாரம் ஏற்றி மலையிறங்கும்போது ஓயாமல் பிரேக் பிடித்தால் அந்தச் சூட்டில் ஆயிலே கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும். மிதி கீழே போய்விடும். "ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஆயில மாத்து, தம்பி. மலையில ஏறின கியர்லயே இறங்கு" என்று மருமகனுக்குச் சொன்னார்.

மருமகன் புதிய மாஸ்டர் சிலிண்டர் வாங்கச் சென்றான். அந்த இடைவேளையில் முதியவர் தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவராம். "ரயில்ல எப்படித் தெரியுமா, ஐயா? குழாய் அறுந்தா வண்டி தானா நின்னுடும்." அமெரிக்கரான வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் அமைத்த முறையின் நுட்பம் அதுவே. குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விலகி நிற்கும்; அழுத்தம் போனால் பிரேக் தானே இறுகும். பழுது நேர்ந்தால் வண்டி நிற்கும். "இந்தச் சின்ன வண்டியில தலைகீழ். அழுத்தம் போனா பிரேக்கும் போச்சு. அதனால இதை ஓட்டுறவன்தான் மிதி சொல்றதைக் கேட்கணும். ரெண்டாவது மிதியில பிடிக்குதுன்னா, அது பிடிக்கலன்னு அர்த்தம்" என்றார்.

அவ்வார்த்தை என்னை நோக்கிச் சொல்லப்பட்டதன்று. ஆயினும் அது வந்து தைத்த இடம் என் நெஞ்சுதான்.

உறுப்பைப் பொருத்தி, பழைய ஆயிலை வெளியேற்றியபின், குழாய்களில் உள்ள காற்றை எடுக்க வேண்டியிருந்தது. மிதிப்பதற்கு என்னை உட்காரச் சொன்னார். தலைமைக் குழலுக்கு மிகத் தொலைவிலுள்ள இடப்பக்கப் பின்சக்கரத்தில் தொடங்கினார். "மிதிங்க… பிடிங்க… இப்ப விடுங்க." அவர் திருகை மூடுவதற்குள் ஒருமுறை காலை எடுத்துவிட்டேன். "விடச் சொல்லலியே, வாத்தியாரய்யா! காத்து திரும்ப உள்ள போயிடுச்சு" என்று மீண்டும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மாணவர்களை அதட்டியே பழகிய நான் வாய் திறவாமல் மிதித்தேன். புட்டியில் குமிழிகள் ஓய்ந்து தெளிந்த ஆயில் மட்டும் வந்தபோது, என் காலடியில் மிதி உறுதியாக நின்றது. நிற்பது என்றால் என்ன என்பது அப்போதுதான் என் காலுக்குத் தெரிந்தது.

மாலையில் நூல்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பாலத்தின் மேல் வந்தபோது மருமகனிடம் சொன்னேன்: "தள்ளிப் போடச் சொன்னது நான்தான். தவறு என்னுடையது." அவன் சற்று நேரம் பேசவில்லை. "நீங்க சொன்னதுக்காக மட்டும் ஓட்டல, மாமா. எனக்கும் அது பழகிப்போச்சு" என்றான்.

பழகிப்போவதுதான் ஆபத்து. குறை தோன்றிய முதல் நாள் அஞ்சுகிறோம். பத்தாம் நாள் அதற்கேற்பக் காலை மாற்றி வைக்கக் கற்றுக்கொள்கிறோம். அதன்பின் குறையே கண்ணுக்குத் தெரிவதில்லை. தவணையைத் தாமதித்தால் கடன்காரரிடம் தவணை கேட்கலாம். சாலையைக் கடக்கும் மூதாட்டியிடம் என்ன கேட்பது?

அம்மாதத் தவணையில் குறைந்ததை நான் கொடுத்தேன். அது என் தவறுக்கு ஈடாகாது என்பதும் அறிவேன். இப்போது ஒவ்வொரு ஜும்ஆ நாளிலும் மருமகன் வீட்டுக்கு வருகையில், ஸலாத்துக்கு மறுமொழி சொன்னதும் நான் கேட்பது ஒன்றுதான்: "மிதி எங்கே நிற்கிறது?" அவன் சிரித்துக்கொண்டே, "மேலேயே நிக்குது மாமா, அல்ஹம்துலில்லாஹ்" என்பான். அதன் பிறகுதான் நாங்கள் தேநீர் அருந்துவது.