முந்துவதும் மீறுவதும்

எங்கள் காலனி இரவுப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, எக்ஸீட், சர்பாஸ், எக்ஸெல், அவுட்டூ, ஓவர்டேக், டிரான்சென்ட் எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம்னு போட்டிருக்கான். ஒரே அர்த்தம்னா எதுக்கு ஆறு வார்த்த?" என்றாள்.

நான் எம்.ஏ. தமிழ். ஆங்கிலம் விடுதியில் அகராதியை வைத்துக்கொண்டு தனியாகப் படித்தது. கரும்பலகையில் 'மிஞ்சுதல்' என்று எழுதினேன். எழுதின கை அப்படியே நின்றுவிட்டது.

இந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்தது தமிழாசிரியர் இல்லை, எங்க ஆயா. ஊர்த்தெருவில் மாட்டுக் கொட்டகை கூட்டிச் சாணி அள்ளிப் போட்டுவிட்டுப் பொழுது சாய ஒரு குண்டானோடு வருவாள். "இன்னா ஆயா சோறு?" என்று கேட்டால், "மிஞ்சினதுடா" என்பாள். அந்தச் சோற்றுக்குப் பெயரே மிஞ்சினதுதான். ரொம்ப நாள் அது ஏதோ ஒரு குழம்பின் பெயர் என்றே நினைத்திருக்கிறேன்.

இரண்டாவது பாடம் அப்பாவிடம். ஒரு அறுப்புக் காலத்தில் கூலியை ஏற்றிக் கேட்டார். களத்துமேட்டில் நின்றுகொண்டு ஆண்டை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னாடா, ரொம்ப மிஞ்சிப் போற?" தின்னுமட்டும் தின்று மீந்ததைக் கொடுத்தால் அதுவும் மிஞ்சினது, நிமிர்ந்து கேட்டால் அதுவும் மிஞ்சினது. நமக்கு அந்த ஊரில் ஒரே சொல்தான்.

அதனாலோ என்னவோ, ஆங்கிலத்தில் ஆறு சொல் இருக்கிறது என்றதும் எனக்கு ஆசையாக இருந்தது. அகராதியை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

எக்ஸீட் லத்தீனிலிருந்து வந்தது. வெளியே போவது என்று வேர்ப்பொருள். இதற்கு முன்னால் யாரோ ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். எதிர்பார்ப்பை எக்ஸீட் செய்தால் பாராட்டு, அதிகாரத்தை எக்ஸீட் செய்தால் குற்றம். கோடு போட்டவன் யார், போனவன் யார் என்பதுதான் கேள்வி.

இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. 1992 நவம்பரில் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம், இடஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டை மீறக் கூடாது என்றது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டைக் காப்பாற்ற 1994இல் தனிச்சட்டம் போட்டு, அரசியலமைப்பைத் திருத்தி, ஒன்பதாவது அட்டவணையில் ஏற்ற வேண்டியிருந்தது. 2019இல் 103ஆவது திருத்தம் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர் யாரும் இல்லாத ஏழைகளுக்கு 10 விழுக்காடு. ஒன்றிய அரசின் 49.5 அன்றைக்கே 59.5 ஆனது. 2022இல் உச்ச நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அதைச் சரி என்றது. 50 என்பது வளையாத கோடு அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். முப்பது வருஷம் நமக்கு இரும்பாக இருந்த கோடு அவர்களுக்குக் கயிறாகிவிட்டது. எக்ஸீட் என்றால் என்னவென்று அந்தப் பொண்ணுக்கு இதைத்தான் சொன்னேன்.

சர்பாஸ் பிரெஞ்சுக்காரன் கொடுத்தது. தரத்தில், திறமையில் ஒருவரைக் கடந்து மேலே போவது. எக்ஸெல் இன்னும் நல்ல சொல். எதிரில் ஆளே வேண்டாம், தன் வேலையில் தானே உயர்ந்து நிற்பது. டிரான்சென்ட் என்றால் ஏறிக் கடப்பது. இது தத்துவக்காரர்களுக்குப் பிடித்த சொல். "நான் சாதியைக் கடந்தவன்" என்று மேடையில் சொல்கிறார்களே, அது இதுதான். அதற்காக அவர்களை யாரும் அடித்ததில்லை. கடந்து போனபிறகும் அவர்கள் வீடு அதே தெருவில்தான் இருக்கிறது.

அப்புறம் 'அவுட்' சேர்ந்த சொற்கள். அவுட்டூ, அவுட்ரன், அவுட்பிளே. ஒருவனோடு மோதி அவனைவிடக் கூடுதலாகச் செய்வது. அவுட் என்றதும் பக்கத்து பெஞ்சுப் பையன், "கிரிக்கெட்டு அவுட்டாண்ணா?" என்றான். அவனுக்குப் பல்வங்கர் பாலுவைப் பற்றிச் சொன்னேன். 1876இல் தார்வாடில் சமார் சாதியில் பிறந்தவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலைக்காரராக இருந்து பந்துபோடக் கற்றவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் ஆடி நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அதே பாலு பூனா இந்துக்கள் அணியில் ஆடினபோது தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். இந்து அணிக்கு அவரைக் கடைசிவரை கேப்டன் ஆக்கவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது. அவுட்பிளே செய்தவரும் அவரே, அவுட்காஸ்ட்டும் அவரே. ஒரே அவுட்தான். ஒன்று அவர் செய்தது, இன்னொன்று அவருக்குச் செய்யப்பட்டது.

கடைசியில் ஓவர்டேக். இதற்கு அகராதி தேவைப்படவில்லை. அந்தப் பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அண்ணன் வேலை முடிந்து பைக்கில் வரும்போது ஊர்த்தெருப் பையன்கள் வண்டியைத் தாண்டிவிட்டான். அடுத்த வளைவில் மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அடித்தார்கள். சாதிப் பெயரைச் சொல்லி அடித்தார்கள். பின்னால் இருந்தவன் முன்னால் வந்தான், அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். அதற்குத் தாடையில் நாலு தையல்.

புகார் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். எதிர்த்தரப்பும் ஒரு புகாரோடு வந்திருந்தது. அதில், "வரம்பு மீறி வண்டியை ஓட்டி வந்தார்" என்று இருந்தது. அதையே எங்கள் மனுவிலும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். "ரெண்டும் ஒண்ணுதானே சார், தாண்டினது உண்மைதானே" என்றார்கள்.

ரெண்டும் ஒண்ணு இல்லை. அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. தமிழில் சொல் இல்லாமல் இல்லை. முந்து என்று ஒரு சொல் இருக்கிறது. விஞ்சு என்று ஒரு சொல் இருக்கிறது. குற்றவாடையே இல்லாத சொற்கள். எம்.ஏ.யில் இலக்கணம் படித்தேனே, அதில் எல்லாம் இருந்தது. ஊரில் அவற்றை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சோற்றில் மிஞ்சினதைக் கொடுத்த மாதிரி, சொல்லிலும் மீறு, மிஞ்சு இரண்டைத்தான் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். குறை மொழியிடம் இல்லை. அதைப் பங்கு போட்டவர்களிடம்.

மனுவில் "முந்திச் சென்றார்" என்றே எழுதினேன். ஒரு சொல்லுக்காக ஒன்றரை மணி நேரம் நின்றோம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியச் சொல்லி இன்னும் இரண்டு நாள் நடந்தோம். வழக்கு இப்போது நடக்கிறது. மீறினான் என்று எழுதியிருந்தால் அடித்தவனுக்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும்.

அதனால் இரவுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு சொல்லையும் ஆறாகவே சொல்லிக் கொடுக்கிறேன். தமிழிலும் அப்படித்தான். வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொன்னபோது அந்தப் பொண்ணு ஓவர்டேக்குக்கு எழுதினாள்: என் அண்ணன் அந்த வண்டியை ஓவர்டேக் செய்தான். காற்புள்ளிகூடத் தேவையில்லாத வாக்கியம். அதில் திருத்த ஒன்றுமில்லை.

கரும்பலகையில் இருந்த 'மிஞ்சுதல்' என்பதை அழித்துவிட்டு 'முந்துதல்' என்று எழுதினேன்.