எழுதப்படாத ஓர் இயந்திர நூல்

வன்னிப் பெருநிலத்தின் அருவிவெட்டுப் பாடல்களைத் தொகுத்தோர் உளர்; கூத்துகளையும் கண்ணகி வழிபாட்டு மரபுகளையும் ஆராய்ந்தோர் உளர். நாட்டார் அறிவு என்றதும் பாட்டும் கதையும் சடங்குமே கலைப்பீடத்தாரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதே நிலத்தில், 1990ஆம் ஆண்டை அடுத்துவந்த நெடுங்காலத்தில், பெற்றோலின்றிக் கார் ஓட்டவும், ஓட மறுத்த காரின் நோயை உதிரிப்பாகமின்றிக் கண்டறியவும் மக்கள் பழகிக்கொண்ட அறிவு ஒன்றுண்டு. அது பாட்டாகவும் இல்லை, ஏடாகவும் இல்லை. எண்ணெய் படிந்த சில கைகளில் மட்டுமே தங்கியிருக்கின்றது. அந்தக் கைகளுக்கும் இப்பொழுது வயதாகிவிட்டது.

அக்காலத்து வடபகுதி வீதிகளில் ஓடிய வாடகைக் கார்களுட் பல மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்பன. அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தமையால் இலங்கை முழுவதும் பழைய பிரித்தானியக் கார்களைக் கைவிடாது பேணும் வழக்கம் வேரூன்றியிருந்தது. 1990 யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, எரிபொருளையும் பற்றரிகளையும் கிட்டாப் பொருள்களாக்கிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டிற்குள் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர்; அவர்களுடன் தொழில் தெரிந்தவர்களும் வந்தனர். 2002 சனவரியில் தடை நீங்கும்வரை வன்னியின் காரை ஓட்டியது பெரும்பாலும் மண்ணெண்ணெயே. 2006 ஓகஸ்ற்றில் ஏ 9 வீதி மீண்டும் மூடப்பட்டபோது பழைய தட்டுப்பாடும் திரும்பியது.

மண்ணெண்ணெயிற் கார் ஓடும். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயிற் புறப்படாது. பெற்றோலின் ஆவி பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றவல்லது. மண்ணெண்ணெய்க்கோ பூச்சியத்திற்கு மேலே 38 பாகையளவேனும் வேண்டும். எனவே முதற் சில சுழற்சிகளுக்குப் பெற்றோல் தேவை; எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய் போதும். இந்த உபாயம் வன்னியிற் பிறந்ததன்று. 1949இல் வெளிவந்த பேர்குசன் ரி.ஈ.டி. 20 உழவியந்திரத்திற் பெற்றோலுக்கு ஒரு சிறு தாங்கியும் மண்ணெண்ணெயையொத்த எண்ணெய்க்குப் பெருந் தாங்கியும் இருந்தன. வெளியேற்றுக் குழாயின் சூட்டைக்கொண்டு எண்ணெயை ஆவியாக்கும் அமைப்பும் அதில் இருந்தது. ஆங்கிலேயப் பொறியியலாளர் அதற்கெனவே எஞ்சினைத் திருத்தியமைத்தனர். வன்னியாரோ பெற்றோலுக்கென வார்த்த எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டாம் தாங்கியின் இடத்தில் ஒரு ‘சூப்பி’யை வைத்தனர். அமுக்கினாற் சில துளி பீச்சும் சிறு போத்தலே சூப்பி. குழந்தைக்குப் பால் புகட்டும் போத்தலின் பெயர் பெற்றோலுக்கு வந்து சேர்ந்ததில் அக்காலத்தின் வறுமையும் இருக்கிறது, நகைச்சுவையும் இருக்கிறது. காபரேற்றரின் வாயிற் சில துளி பீச்சிவிட்டு ஹாண்டிலைச் சுழற்றினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சூப்பி காரைப் புறப்படவைக்கும் கருவி மாத்திரமன்று, நோயறியும் கருவியுமாயிற்று. அதுவே ஈண்டு கவனிக்கத்தக்கது.

மாங்குளத்துக்கு அப்பால் ஒரு வளவில், ஆசிரியர் ஒருவர் தம் மொறிஸ் மைனரைத் தாமே திருத்தியதாகக் கொள்வோம். பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டினார். பொயின்றைத் தேய்த்து மீளப் பூட்டினார். முன்தினம் ஓடிய கார் இன்று அசையவில்லை. கராச்சுக்காரர் வந்ததும் மூடியைத் திறக்கமாட்டார். முதலிற் கேள்விதான் கேட்பார்.

“கடைசியா எதிலை கை வைச்சனீங்கள், மாஸ்ரர்?”

“பிளக்கும் பொயின்றும் மட்டுந்தான், தம்பி. வேறை ஒண்டும் தொடேல்லை.”

இந்த வினாவிலேயே நோயறிதலின் பாதி முடிந்துவிடுகிறது. திருத்துவதற்கு முன் ஓடிய எஞ்சின் திருத்தியபின் ஓடவில்லையெனின், ஐயுறவேண்டியது எஞ்சினையன்று, திருத்திய கையைத்தான். ஆனால் கை தொட்ட இடம் ஒன்றாகவும் குற்றம் வேறாகவும் இருத்தல் கூடும். ஆகவே இரண்டாவதாகச் சூப்பி வருகிறது. சில துளி பீச்சிச் சுழற்றும்போது எஞ்சின் பிடித்துச் சிறிது ஓடிப் பின் அடங்கினால், தீப்பொறியும் அமுக்கமும் செவ்வனே உள. குற்றம் எண்ணெய் வரும் வழியில். மைனரின் மின்பம்பி திறப்பைத் திருப்பியதும் ‘டிக், டிக்’ என்று ஒலித்து எண்ணெய் நிரம்பியதும் ஓயவேண்டும். ஒலியே இல்லையெனிற் பம்பி வேலை செய்யவில்லை; ஓயாது ஒலித்தாற் குழாயிற் காற்று இழுபடுகிறது, அல்லது தாங்கி வெறுமையாய் இருக்கிறது. இதற்கு மாறாக, பெற்றோலைப் பருகியும் எஞ்சின் ஒரு இருமல்தானும் இருமவில்லையெனின், எண்ணெய் வழியை மறந்துவிட்டுத் தீப்பொறியைத் தேடவேண்டும். ஒரு தேக்கரண்டி பெற்றோலும் பொன்போலிருந்த காலத்தில் அதைச் சோதனைக்குச் செலவிடுவது இலேசான தீர்மானமன்று. அதனாலேயே வினா முதலிலும் சூப்பி அதன் பின்னும் வந்தன.

தீப்பொறியைத் தேடும்போது ஆசிரியரின் கைவேலை வெளிப்படும். டிஸ்ரிபியூற்றருக்குள் பொயின்றின் வில்லும் கொயிலிலிருந்தும் கொண்டென்சரிலிருந்தும் வரும் கம்பிகளும் ஒரே சிறு தூணிற் பூட்டப்படுகின்றன. அவை அந்தத் தூணின் உலோகத்தைத் தொடாதபடி மின்கடத்தா வாசர் ஒன்று இடையிலே இருக்கவேண்டும். நகத்தளவான அந்த வாசரை ஒரு தட்டு மாற்றிப் போட்டாற் பொயின்று திறந்தாலும் மின்னோட்டம் நில்லாது ஏர்த்துக்குப் போய்விடும். மின்னோட்டம் அறாதவிடத்துக் கொயிலிற் பொறி பிறவாது. பொயின்று புதிது, இடைவெளி சரி, பற்றரியும் பலமானது, எனினும் கார் பிணம்போற் கிடக்கும். இதனினும் எளிய குற்றம் ஒன்றுண்டு. கழற்றிய றோட்டரைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு மூடியை மட்டும் பூட்டிவிடுவது. படித்தவர் வீட்டுக் கார்களிலேதான் இது அதிகம் என்று கராச்சுகளிற் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆதாரம் கேட்டால் அவர்களிடம் இராது.

எஞ்சின் இருமுகிறது, காபரேற்றர் வழியே தும்முகிறது, ஆனால் ஓடவில்லை என்பது வேறு கதை. பொறி உண்டு, நேரந்தான் பிழை. மைனரின் எஞ்சினிற் பொறி 1, 3, 4, 2 என்ற ஒழுங்கிற் செல்லவேண்டும். எண்ணிக்கை தெரிந்த எவருக்கும் கம்பிகளை 1, 2, 3, 4 என்று செருகத்தான் கை வரும். டிஸ்ரிபியூற்றரையே வெளியே எடுத்திருந்தாற் சிக்கல் இன்னும் நுட்பமானது. பிஸ்ரன் ஒரு முழுச் சுற்றுவட்டத்தில் இருமுறை உச்சிக்கு வருகிறது. ஒருமுறை எரிவாயுவை அமுக்கிக்கொண்டும், மறுமுறை புகையைத் தள்ளிக்கொண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. இரண்டாவதை முதலாவதென மயங்கிப் பூட்டினால், தீ பிறக்கவேண்டிய வேளைக்கு நேரெதிர் வேளையிற் பிறக்கும். சூப்பியுடன் குனிந்திருப்பவரின் புருவம் பொசுங்கவும் கூடும். இதைத் தீர்க்கக் கருவியெதுவும் வேண்டியதில்லை. முதற் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு மற்றவரைக் கொண்டு ஹாண்டிலை மெல்லச் சுழற்றவேண்டும். விரலை உந்தித் தள்ளும் உச்சியே மெய்யான உச்சி.

பிற இடங்களில் இத்தகைய குற்றங்களை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்: புதுக் கொண்டென்சர் போடு, ஓடாவிட்டாற் புதுக் கொயில் போடு என்று. வன்னியில் மாற்றுவதற்குப் பொருள் இல்லை. ஆகவே ஒவ்வொரு சோதனையும் பாதிக் காரணங்களைத் தள்ளிவிடும்படி எண்ணிச் செய்யவேண்டியிருந்தது. அளவையியல் வகுப்பிற் கற்பிக்கப்படும் விலக்கல் முறை இதுவே. வேறுபாடு யாதெனில், வகுப்பில் விடை பிழைத்தாற் புள்ளி மட்டுமே குறையும். பல கிராமங்களில் ஓடக்கூடிய ஒரே கார் பாம்பு தீண்டியவரையும் பேறுகாலப் பெண்ணையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் காராகவும் இருந்தது.

இதனாற் பொருளாதாரத் தடையை அறிவின் தாயென்று கொண்டாடுவது பெருந்தவறாகும். மண்ணெண்ணெய் அந்த எஞ்சின்களைத் தின்றது. எரியாத எண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச்செய்தது, பிளக்குகள் கரிபிடித்தன, ஏற்றத்தில் எஞ்சின் ‘கடகட’வென்று அடித்தது. நல்ல எஞ்சின் சில ஆண்டுகளிற் கிழடாயிற்று. 2009இல் முள்ளிவாய்க்காலிற் கைவிடப்பட்டுத் துருவேறிக் கிடந்த வாகனக் குவியல்களைப் பார்த்தவர்கள், அவற்றுள் எத்தனை, எத்தனை தடவை இவ்வாறு உயிர்ப்பிக்கப்பட்டவை என்று எண்ணியிரார்.

இன்றைய கார்களிற் பொயின்றும் இல்லை, ஹாண்டிலும் இல்லை. குற்றத்தைக் கணினியே இலக்கமாகச் சொல்லிவிடுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்திருக்கிறது. அங்கிருந்து பழைய கராச்சுகள் அதிக தொலைவில் இல்லை. ஆயினும் இதனைத் தொகுக்கும் பணியைப் பொறியியலாரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. ஏனெனில் இந்த அறிவின் பெரும்பகுதி சொற்களில் இருக்கிறது. எஞ்சின் ‘பிடிக்குதில்லை’ என்பது வேறு, ‘பிடிச்சு விடுது’ என்பது வேறு. ‘இருமுது’ என்பதும் ‘தும்முது’ என்பதும் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயின் குறி. எந்தச் சொல் எந்த ஒலிக்குரியது என்பதைப் பேட்டி கண்டு மட்டும் எழுதிவிட முடியாது. ஒலிப்பதிவுக் கருவியோடு, அரைகுறையாகவேனும் ஓடக்கூடிய ஒரு மொறிஸ் மைனரையும் கொண்டுபோக வேண்டும்.