உயிர்பெறும் கூட்டம்

நுழையும்முன்

உயிரற்ற பாவை ஒன்றைத் திரையில் நடக்கச் செய்வது அரிய கலை. பாவைகளின் கூட்டம் ஒன்றை, ஒவ்வொன்றும் தன்னியல்பில் இயங்குவதாகக் காட்டுவது அதனினும் அரியது. பெரும் படநிறுவனங்களுக்கே உரியதாக எண்ணப்படும் இக்கலையின் வேர்கள், வீடுகளிலும் கார்க் கொட்டகைகளிலும் ஆர்வலர்கள் எடுத்த சிறுபடங்களிலும் பரவியுள்ளன. அன்னையின் பழைய மேலங்கி ஒன்றிலிருந்து தொடங்கிய பயணத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மேலங்கியில் பிறந்த கரடி

1933ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் திரையரங்கு ஒன்றில் ‘கிங்காங்’ படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த பள்ளி மாணவர் ரே ஹாரிஹாசனால் அதனை மறக்க இயலவில்லை. திரையில் கண்ட மாபெரும் குரங்கு உண்மையானதன்று என்பது தெளிவு. ஆயினும் அது சினந்தது, அன்பு காட்டியது, இறுதியில் வீழ்ந்து இறந்தது. உயிரே இல்லாத ஒன்று இறப்பது எங்ஙனம்? அந்த வினா அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

விடை தேடியபோது அவர் அறிந்துகொண்ட நுட்பம் எளிமையானது. பாவையை நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். அதன் கையையோ காலையோ சிறிதளவு நகர்த்தி அடுத்த படம் எடுக்க வேண்டும். இவ்வாறு எடுத்த 24 படங்கள் அடுத்தடுத்து ஓடினால் திரையில் ஒரு நொடி கழியும். பார்ப்பவர் கண்ணுக்கு இடைவெளி தெரியாது. பாவை தானே அசைவதாகத் தோன்றும். நுட்பத்தைக் கற்க ஒரு நாள் போதும். அதற்குரிய பொறுமையைக் கற்கப் பல்லாண்டுகள் வேண்டும்.

ஹாரிஹாசன் முதலில் செய்த உருக்களுள் ஒன்று குகைக் கரடி. அதன் தோலுக்கு அன்னையின் பழைய மென்மயிர் மேலங்கி பயன்பட்டது. வீட்டின் கார்க் கொட்டகை படப்பிடிப்புத் தளமாயிற்று. இயந்திரக் கைவினைஞரான தந்தை, பாவைகளின் உள்ளே பொருத்தும் உலோக எலும்புச் சட்டங்களைக் கடைந்து கொடுத்தார். அன்னை பாவைகளுக்கு உடை தைத்தார். ஊதியம் தருவோர் இல்லை. படத்தைக் கேட்போரும் இல்லை. குடும்பம் முழுவதும் ஓர் இளைஞனின் கனவுக்குக் கைகொடுத்தது.

தெரிந்து தெளிவோம்

தொழில்முறை சாராமல் விருப்பத்தால் ஒரு கலையில் ஈடுபடுவோரைக் குறிக்கும் ‘அமெச்சூர்’ என்னும் சொல், ‘அன்பு செய்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் இதற்கு வழங்கும் ‘ஆர்வலர்’ என்னும் சொல்லையும் திருக்குறள் ‘அன்புடையார்’ என்னும் பொருளிலேயே ஆள்கிறது.

கைவிடப்பட்ட படம்

கிங்காங்கிற்கு உயிரூட்டியவர் வில்லிஸ் ஓபிரையன். அவரைச் சந்திக்கும் வாய்ப்பு மாணவப் பருவத்திலேயே ஹாரிஹாசனுக்குக் கிடைத்தது. தாம் செய்த தொல்விலங்குப் பாவையைப் பெருமிதத்துடன் எடுத்துச் சென்று காட்டினார். பாராட்டை எதிர்பார்த்துச் சென்றவருக்குக் கிடைத்தது திருத்தம். பாவையின் கால்கள் சுருக்கம் விழுந்த இறைச்சிக் குழல்களைப் போல் இருப்பதாகவும், உடற்கூற்றியலைக் கற்க வேண்டும் என்றும் ஓபிரையன் கூறினார். மனம் தளராத மாணவர் உடற்கூறு பயிலத் தொடங்கினார். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பவற்றை அறியாமல் உயிருள்ள நடையை உருவாக்க இயலாது என்பதை உணர்ந்தார்.

1938இல் அவர் பெரிய முயற்சி ஒன்றில் இறங்கினார். உலகில் உயிர்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றைத் தொல்விலங்குகளைக் கொண்டு காட்டும் படம் அது. தனியொருவராகக் கொட்டகையில் அமர்ந்து, ஒவ்வொரு படமாக அதனை வளர்த்தார். 1940இல் வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டசியா’ வெளிவந்தது. அதில் இதே பொருளைப் பெரும் கலைஞர் குழு ஒன்று வண்ணத்திலும் இசையிலும் விரித்துக் காட்டியிருந்தது. அதனைக் கண்ட ஹாரிஹாசன் தம் படத்தை அத்துடன் நிறுத்திவிட்டார்.

இளமையின் உழைப்பு முற்றுப்பெறாமல் நின்றது பெரும் இழப்பே. ஆனால் அந்த உழைப்பு வீணாகவில்லை. எடுத்து முடித்திருந்த காட்சிகளே அவரது திறனுக்குச் சான்றாகி, ஜார்ஜ் பாலின் பாவைப்பட நிறுவனத்தில் அவருக்கு வேலை பெற்றுத் தந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின், பயன்படாது என ஒதுக்கப்பட்ட படச்சுருள்களைச் சேகரித்துக்கொண்டு அவர் மீண்டும் கொட்டகைக்கே திரும்பினார். தந்தை, தாய் துணையோடு குழந்தைக் கதைகளைச் சிறுபடங்களாக எடுத்தார்.

ஏழு எலும்புக்கூடுகள்

கொட்டகையில் பயின்ற பொறுமைக்கு உரிய பெருந்தேர்வு 1963இல் வெளிவந்த ‘ஜேசன் அண்டு தி ஆர்கோநாட்ஸ்’ படத்தில் காத்திருந்தது. கிரேக்கத் தொன்மத்தைத் தழுவிய அப்படத்தில், மந்திரப் பற்கள் விதைக்கப்பட்ட நிலத்திலிருந்து எலும்புக்கூட்டு வீரர்கள் முளைத்தெழுகின்றனர். அவர்கள் எழுவர், எதிர்த்து நிற்கும் மனிதர்கள் மூவர்.

மூன்று நடிகர்களும் முதலில் சண்டைப் பயிற்சியாளர்களோடு வாள்வீச்சைப் பலமுறை ஒத்திகை பார்த்தனர். பின்னர்ப் பயிற்சியாளர்கள் விலகிக்கொள்ள, நடிகர்கள் வெறுங்காற்றோடு போரிட்டனர். எதிரி இருக்க வேண்டிய இடத்தில் வாளைத் தாமே நிறுத்தினர். அந்தப் படச்சுருளை ஒவ்வொரு படமாகத் திரையில் வீழ்த்தி, அதன் முன் எட்டு முதல் பத்து அங்குல உயரமே உள்ள எலும்புக்கூட்டுப் பாவைகளை ஹாரிஹாசன் நிறுத்தினார். அவற்றுள் ஆறு புதியவை. ஒன்று, முந்தைய படம் ஒன்றில் நடித்த பழைய பாவை. புதியவற்றோடு ஒத்திருக்கச் சிறிது வண்ணம் பூசப்பட்டது.

ஒவ்வொரு பாவைக்கும் தலை, இரு கை, இரு கால் என ஐந்து உறுப்புகள். ஏழு பாவைகளும் ஒரே காட்சியில் நிற்கும்போது ஒரு படத்துக்கு 35 அசைவுகள். அதாவது ஒரு நொடிக்கு 840 அசைவுகள். ஓர் எலும்புக்கூட்டின் வாள் ஏறிக்கொண்டிருக்கும், மற்றொன்றின் வாள் இறங்கிக்கொண்டிருக்கும், மூன்றாவது பின்வாங்கும். எது எத்திசையில் நகர்கிறது என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டே அவர் அடுத்த படத்துக்குச் செல்ல வேண்டும். கவனம் சிதறினால் அன்றைய உழைப்பே பாழாகும். சில நாள்களில் முழுநாள் உழைப்பும் திரையில் ஒரு நொடிக்குக்கூட எட்டவில்லை. சில நிமிடங்களே ஓடும் அக்காட்சியை முடிக்க நான்கரை மாதங்கள் ஆயின.

எலும்புக்கூட்டுக்கு முகபாவம் இல்லை. கண்ணில்லை, உதடில்லை, புருவமில்லை. எனவே அதன் சினத்தை முதுகின் வளைவிலும், ஐயத்தை மண்டையோட்டின் சாய்விலும் காட்ட வேண்டியிருந்தது. ஏழும் ஒரே வடிவின. ஆயினும் பாய்வது ஒன்று, பதுங்குவது ஒன்று, தடுமாறுவது ஒன்று. ஏழு தனி உயிர்களின் எண்ணங்கள் அங்கே மோதுவதால்தான் அது போர்க்களமாகத் தோன்றுகிறது.

பேய்களும் பலவிதம்

கூட்டத்தைப் படைப்போர் கூட்டத்தைப் பார்க்கக்கூடாது. அதிலுள்ள ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ் மரபுக்கு இது புதிதன்று. செயங்கொண்டார் இயற்றிய கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பங்கிடும் பேய்கள் வெறும் திரளாக வருவதில்லை. அவற்றுள் குருட்டுப் பேய் உண்டு. ஊமைப் பேய் உண்டு. கருவுற்ற பேய் உண்டு. கனவு கண்ட பேயும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய முறையில் கூழ் வார்க்கப்படுகிறது. ‘பேய்கள் பல உண்டன’ என்று ஒரே வரியில் கூறியிருந்தால் அக்களம் கற்போர் மனத்தில் நின்றிராது. வேறுபாடே உயிர் என்பதைச் செயங்கொண்டாரும் அறிந்திருந்தார்; ஹாரிஹாசனும் அறிந்திருந்தார்.

கண் பெற்ற உருக்கள்

ஏழு பாவைகளை ஒருவர் நகர்த்தலாம். ஏழாயிரத்தை நகர்த்துவது எங்ஙனம்? இவ்வினாவுக்குக் கணினி வழியே ஒரு விடையை 1986இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் கண்டார். பறவைக் கூட்டத்தை உருவாக்க முயன்ற அவர், கூட்டத்தின் பாதையை வரையவில்லை. ஒவ்வொரு பறவைக்கும் மூன்று விதிகளை மட்டும் வகுத்தார்: அருகிலுள்ள பறவைமீது மோதாதே, அருகிலுள்ளவை செல்லும் திசையிலேயே செல், அவற்றைவிட்டு விலகிவிடாதே. தலைமைப் பறவை எதுவும் இல்லாமலேயே கணினித் திரையில் கூட்டம் வளைந்தும் பிரிந்தும் இணைந்தும் பறந்தது.

இவ்வழியில் மேலும் ஒரு பெரும்பாய்ச்சல் நியூசிலாந்தில் நிகழ்ந்தது. அந்நாட்டின் புக்கருவா விரிகுடாப் பகுதியில் வளர்ந்த பீட்டர் ஜாக்சன், ஒன்பது வயதில் தொலைக்காட்சியில் ‘கிங்காங்’ கண்டு கண்ணீர் விட்டவர். குடும்ப நண்பர் அளித்த சிறு படக்கருவியைக் கொண்டு தாமே அப்படத்தை மீண்டும் எடுக்க முயன்றார். அவர் செய்த குரங்குப் பாவைக்கும் அன்னையின் மென்மயிர்த் தோளாடையே தோலாயிற்று. பின்னர்ச் செய்தித்தாள் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே, வார இறுதி நாள்களில் நண்பர்களோடு நான்கு ஆண்டுகள் தம் முதல் முழுநீளப் படத்தை எடுத்தார். அதற்கான வேற்றுலகினரின் முகமூடிகள் வெந்தது அன்னையின் சமையலறை அடுப்பில்!

அதே ஜாக்சன் ‘தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்’ படவரிசையைத் தொடங்கியபோது, பல்லாயிரம் வீரர்கள் மோதும் போர்க்களங்கள் தேவைப்பட்டன. அவற்றுக்காக ஸ்டீபன் ரெஜலஸ் ‘மாசிவ்’ என்னும் மென்பொருளை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு வீரனும் தன்னைச் சுற்றியுள்ளதைக் காண்பான், ஒலியைக் கேட்பான், எதிரி நெருங்கினால் தாக்குவதா, தடுப்பதா என்று தானே முடிவெடுப்பான்.

தொடக்கநிலைச் சோதனை ஒன்றில் வீரர்கள் சிலர் போர்க்களத்தைவிட்டு ஓடுவதாகத் தோன்றியது. கணினி வீரர்கள் அச்சம் கொண்டனர் என்று வியப்புடன் பேசப்பட்டது. உண்மை வேறு. எதிரி அவர்கள் கண்ணுக்குப் புலப்படாததால், முன்பு ஓடிய திசையிலேயே அவர்கள் ஓடிக்கொண்டிருந்தனர். அச்சம் இருந்தது கணினியில் அன்று, பார்த்தவர் மனத்தில். ஓர் உரு தனித்து இயங்கிய அந்நொடியிலேயே மனிதமனம் அதற்கு ஓர் உள்ளத்தை அளித்துவிடுகிறது. அசைவூட்டக் கலையின் ஆற்றல் இங்கேதான் உறைகிறது.

ஆர்வலர் கையில் ஒரு படை

2002ஆம் ஆண்டு இக்கலையின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. பத்தாயிரவர் கொண்ட படை ஒரு கோட்டையை முற்றுகையிடும் காட்சியோடு ஜாக்சனின் இரண்டாம் படம் அவ்வாண்டு வெளிவந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரூசன்டால் உருவாக்கிய ‘பிளெண்டர்’ என்னும் முப்பரிமாண மென்பொருளை விடுவிக்க, பயனாளர்கள் ஏழே வாரங்களில் ஓர் இலட்சம் யூரோ திரட்டியதும் அவ்வாண்டே. அன்றுமுதல் அது எவரும் விலையின்றிப் பயன்படுத்தும் பொதுச்சொத்தாயிற்று. இன்று தம் அறையில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவரும் தம் சிறுபடத்துக்குப் பூதப்படை ஒன்றைத் திரட்டலாம்.

ஆயினும், கருவி எளிதானதால் கலை எளிதாகிவிடவில்லை. ஒரு பூதத்தை வடித்து, நடக்கச் செய்து, ஆயிரம் படிகள் எடுப்பது சில நொடிகளின் வேலை. அவ்வாறு எடுத்த ஆயிரமும் ஒரே நேரத்தில் இடக்காலைத் தூக்கும். ஒரே நேரத்தில் தலை திருப்பும். பார்ப்பவர் அந்தப் பொய்யை உடனே கண்டுகொள்வர். எனவே தேர்ந்த ஆர்வலர் மூன்று நான்கு நடைகளை உருவாக்குகிறார். ஒவ்வொன்றும் தொடங்கும் நேரத்தை மாற்றுகிறார். உயரத்தில், நிறத்தில், பார்வையின் திசையில் வேறுபாடு சேர்க்கிறார். தொலைவில் உள்ளவற்றைக் கணினியிடம் விடுகிறார். முன்வரிசையில் உள்ள சிலவற்றைத் தாமே பொறுமையாக இயக்குகிறார். ஒன்று கால் இடறும். ஒன்று அருகிலிருப்பதை முறைத்துப் பார்க்கும். ஒன்று பின்தங்கி ஓடிவரும். கண்கள் அந்தச் சிலவற்றையே காணும். மற்ற ஆயிரத்தையும் மனம் நம்பிவிடும்.

2002ஆம் ஆண்டின் மூன்றாவது நிகழ்வு, முதலிரண்டைப்போல் உலகின் கவனத்தைப் பெரிதும் ஈர்க்கவில்லை. ஹாரிஹாசன் 1952இல் தொடங்கி, திரைப்படப் பணிகள் வந்து சேர்ந்ததால் பாதியில் நிறுத்திய சிறுபடம் ஒன்று இருந்தது. அதே பாவைகளைக் கொண்டு, அசைவூட்டக் கலைஞர்கள் இருவர் அவரோடு இணைந்து அதனை அவ்வாண்டு நிறைவு செய்தனர். அப்போது அவருக்கு வயது 82. ஐம்பது ஆண்டுகள் காத்திருந்து முடிந்த அப்படத்தின் கதை, ஆமையும் முயலும் ஓடிய பந்தயம்.

கணினி முயலின் வேகத்தில் ஓடுகிறது. அதன் துணை இன்றியமையாதது. ஆனால் ஆயிரம் உருக்களுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்து, ‘இது இப்போது என்ன நினைக்கும்?’ என்று நின்று எண்ணிப் பார்க்கும் பொழுதில், கலைஞர் ஆமையின் நடைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பொழுதில்தான் கூட்டம் உயிர்பெறுகிறது.