தூக்கும் கைகளுக்கு ஒரு துணை



ஆண்டு மலர் என்றாலே நட்பைப் பற்றி ஒரு கவிதை, லட்சியத்தைப் பற்றி ஒரு கட்டுரை, ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நாலு ஜோக்கு என்பது வழக்கம். நான் எழுத வந்திருப்பது என் அக்கா மகனைப் பற்றியும், அவனை வீட்டில் வைத்து வளர்க்கும் என் அக்காவைப் பற்றியும். படித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். டிப்ளமா படிக்கும் நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது எங்கள் உத்தனப்பள்ளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். காலையில் ஒரு பக்கம் தக்காளி லோடு ஏறும். இன்னொரு பக்கம் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற கம்பெனி பஸ் நிற்கும். அக்காவும் அப்படி ஒரு பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவள்தான். மகன் பிறந்த பிறகு போகவில்லை.

அவன் பிறந்தவுடன் அழவில்லை. மூளைக்கு ஆக்ஸிஜன் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. ஒன்பது மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. கால்கள் இரண்டும் கத்திரிக்கோல் போலப் பின்னிக்கொண்டன. பெங்களூரில் ஒரு டாக்டர்தான் அதற்குப் பெயர் சொன்னார்: பெருமூளை வாதம்.

பிரசவத்தில் மூச்சுத் திணறல், குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று பல காரணங்களால் வளரும் மூளை அடிபடலாம். கடினமான பிரசவத்துக்கும் இந்தக் கை கால் இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர் 1861-லேயே எடுத்துச் சொல்லிவிட்டார். ஆனால் நம் ஊரில் இன்றைக்கும், "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியாம்மா?" என்றுதான் அக்காவைக் கேட்கிறார்கள். பிள்ளையைச் சுமக்கிறவள் மேல் பழியையும் ஏற்றிவைக்கும் கேள்வி அது!

டாக்டர் சொன்னதில் முக்கியமான ஒன்று உண்டு. மூளையில் பட்ட காயம் அதற்குமேல் பெருகாது. ஆனால் கவனிக்காவிட்டால் தசைகள் இறுகிக்கொண்டே போகும், மூட்டுகள் மடங்கிவிடும். ஆகவே தினமும் பயிற்சி வேண்டும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் பிசியோதெரபிஸ்ட் கையில் பிள்ளை இருப்பது ஒரு மணியோ இரண்டு மணியோதான். மிச்சம் அத்தனையும் வீட்டில், அம்மாவின் கையில். அப்படியென்றால் அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதும், அவள் உடம்பைக் காப்பதும் வைத்தியத்தில் சேராதா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வாரம் இரண்டு முறை பெங்களூர். உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர், அங்கே பஸ் மாறி, பிறகு ஆட்டோ. போகும் நாளெல்லாம் மாமாவுக்குச் சம்பளம் போகும். எட்டு மாதத்தில் கையிருப்பு தீர்ந்தது, பயணமும் நின்றது. பிள்ளையோ வளர்ந்துகொண்டே இருந்தான். ஐந்து வயதில் பதினாறு கிலோ. அக்காவின் இடுப்பு அதற்கேற்ற மாதிரி வளருமா? முதுகுவலியால் அவள் இரவில் புரண்டு படுக்க முடியாமல் தவித்தாள். ஒருநாள் மாமா மெதுவாகச் சொன்னார்: "எங்கயாவது ஹோம்ல விட்டுடலாமா? நீயும் படுத்துட்டா ரெண்டு பேரையும் யார் பார்க்கிறது?"

அக்கா அழவில்லை. "எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் யாராச்சும் கை மாத்தி விடுங்க. அது போதும். இவனை நான் எங்கயும் விடமாட்டேன்" என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் அன்பு இருந்தது. வீட்டில் இல்லாதது வேறு கைகள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வழி பிறந்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது நினைவிருக்கலாம். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் அம்மா அக்காவைத்தான் முதலில் உட்காரவைத்துப் பேசினார்.

பின்னிக்கொள்ளும் கால்களைப் பலமாக இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி மெதுவாக விரிக்க வேண்டும். இடுப்பில் தூக்கும்போது கால்கள் இரண்டு பக்கமும் விரிந்திருக்க வேண்டும். நம் அவ்வாக்கள் காலங்காலமாகத் தூக்கும் அதே முறைதான்! படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைச் சற்றே முன்பக்கம் குனிந்தபடி பிடித்து ஊட்ட வேண்டும். பிட்ஸ் வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. பிட்ஸ் மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.

கடைசியாக என்னைப் பார்த்து, "தம்பி, நீ என்ன படிக்கிற?" என்றார். மெக்கானிக்கல் என்றேன். "அப்போ ஒரு நாற்காலி செஞ்சு கொடு" என்றார்.

அளவெல்லாம் அவரே சொன்னார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். பின்னிடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு விரல் குறைத்தால் உட்காரும் பலகையின் நீளம். முழங்காலிலிருந்து குதிகால் வரை பாதப்பலகைக்கு. கால்கள் பின்னாமல் இருக்க நடுவில் ஒரு கட்டை, முன்னால் ஒரு தட்டுப்பலகை. டிராயிங் நான் போட்டேன். ஊர் ஆசாரி பிளைவுட்டில் அறுத்துக் கொடுத்தார். அதில் உட்கார்ந்த பிறகு பிள்ளையின் இரண்டு கைகளும் விளையாட்டுக்கு விடுதலையாயின. அக்காவின் இரண்டு கைகளும்தான்! இப்போது அவன் தட்டில் உள்ள இரண்டு பொருளில் வேண்டியதைக் கண்ணால் காட்டுகிறான். பேச்சு வரவில்லையே தவிர, புத்தி நன்றாகவே இருக்கிறது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. மெக்சிகோ நாட்டு மலைக் கிராமத்தில் பணி செய்த டேவிட் வெர்னர், உள்ளூர் மரத்திலும் மூங்கிலிலும் இத்தகைய சாதனங்களைச் செய்யும் முறைகளை 1987-லேயே படங்களோடு புத்தகமாக்கிவிட்டார். சென்னையில் 'வித்யாசாகர்' நிறுவனத்தை 1985-இல் தொடங்கிய பூனம் நடராஜனும் இப்படி ஒரு பிள்ளையின் தாய்தான். தென்காசி பக்கம் ஆய்க்குடியில், எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே சென்று பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கே வெற்றி கிடைத்திருக்கிறதோ, அங்கெல்லாம் பெற்றோரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் வேலை நடந்திருக்கிறது.

அரசு உதவிகளும் இருக்கின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' காப்பீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பாடம் சொல்லும் சிறப்பாசிரியர்கள் உண்டு. ஆனால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்த அம்மா கலெக்டர் ஆபீஸ் க்யூவில் நிற்பாள்? பாரம் நிரப்பிக் கொடுக்கவும், கூடப் போகவும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

நண்பர்களே! நம் ஒர்க்‌ஷாப்பில் ரம்பம் இருக்கிறது, டிரில் இருக்கிறது, வெல்டிங் செட் இருக்கிறது. சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை என்று எல்லா ஊரிலிருந்தும் மாணவர்கள் இருக்கிறோம். அவரவர் ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால் யூனியனுக்குச் சொல்லுங்கள். தெரபிஸ்ட் அளவு சொல்லட்டும், நாம் செய்து கொடுப்போம். அது முடியாதவர்கள் பாரம் எழுதிக் கொடுங்கள். அதுவும் முடியாதவர்கள் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளையோடு விளையாடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதால்தான் அக்கா சந்தைக்குப் போகிறாள். சென்ற தை மாதம், ஆறு வருடத்தில் முதல் முறையாக, ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் வந்தாள்.

வருகிற கல்வியாண்டில் குறைந்தது ஐந்து நாற்காலிகள். முடியாதா என்ன?

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை